டெல்ஃபினியம் வளர்ப்பு: வசந்தத்தில் செய்ய வேண்டிய வேலைகள்

இங்கிலாந்தின் தோட்டங்களில் ஜூன் மாதக் கடைசியில் ஆள் உயரத்துக்கு நீலப் பூக்கதிர்களை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் டெல்ஃபினியத்தைப் பார்க்கிறவர்களில் பலர், அதை வளர்ப்பதற்குப் பெரிய தோட்டமும் கைதேர்ந்த தோட்டக்காரரும் வேண்டும் என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் இது கடுங்குளிரைத் தாங்கும் பல்லாண்டுச் செடி. குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே ஒன்றும் மிஞ்சாமல் காய்ந்துபோனாலும், தூர் மண்ணுக்குள் உயிரோடிருந்து அடுத்த வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். வெயில் கடுமையாகாத கோடையும் குளிர்ந்த இரவுகளும் இதற்கு வேண்டும். அவ்விரண்டையும் பிரித்தானியத் தட்பவெப்பம் தானாகவே தந்துவிடுகிறது. தோட்டக்காரர் தர வேண்டியது உரிய காலத்தில் உழைப்பு மட்டுமே. அந்த உழைப்பின் பெரும்பகுதி, செடி முழங்கால் உயரம் எழுவதற்குள் முடிந்துவிட வேண்டியது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் செய்யத் தவறியதை ஜூனில் எந்த உரத்தாலும் ஈடுகட்ட முடியாது என்பதால், இங்கே பூவைப் பற்றிக் குறைவாகவும் குருத்தைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

கீழே வரும் மாதக் கணக்கு தென் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று வாரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கனடாவிலும் நோர்வேயிலும் இருப்பவர்கள் நாட்காட்டியைப் பார்க்காமல், பனி உருகி மண் இளகும் நாளிலிருந்து கணக்கிடுவதே சரி. தமிழகத்துச் சமவெளியிலும் யாழ்ப்பாணத்திலும் இது பல்லாண்டுச் செடியாக நிலைக்காது. அங்கத்திய இரவு வெப்பத்தை இதன் தூர் தாங்குவதில்லை.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். டெல்ஃபினியத்தின் எல்லாப் பகுதிகளும், குறிப்பாக விதைகளும் இளங்குருத்துகளும், நச்சுத் தன்மை கொண்டவை. அமெரிக்காவின் மேற்கு மலைப்புல்வெளிகளில் காட்டு டெல்ஃபினியத்தை மேய்ந்து மாடுகள் இறப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஆகவே வெந்தயக் கீரையும் கொத்தமல்லியும் வளரும் பாத்தியில் இதைக் கலந்து நடக்கூடாது. வாயில் எதையும் வைத்துப் பார்க்கும் வயதில் குழந்தைகள் இருக்கும் வீட்டில் சில ஆண்டுகள் பொறுப்பது நல்லது. வெட்டும்போது கையுறை அணியுங்கள்; விதை உறைகளைச் சமையலறை மேசையில் திறந்து வைக்காதீர்கள்.

எந்த வகையை வாங்குவது

கடைகளில் டெல்ஃபினியம் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. தோட்ட மதிலை ஒட்டி ஆறடி உயரம் எழும் பெருங்கதிர்கள் எலேட்டம் தொகுதியைச் சேர்ந்தவை. பாத் நகரத்தில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிளாக்மோர் அண்ட் லாங்டன் போன்ற நாற்றுப் பண்ணைகள் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இவ்வகைகளுக்குத் தனிப் பெயர்கள் உண்டு: நடு நீலத்தில் வெள்ளைக் கண் (பூவின் நடுப்பகுதி) கொண்ட 'ப்ளூ நைல்', அடர்ந்த நீலத்தில் கருமை படர்ந்த 'ஃபாஸ்ட்', வெளிர் நீல 'லார்ட் பட்லர்', பாலேட்டு நிறத்தில் மஞ்சள் கண்ணுடைய 'சன்கிளீம்'. இவற்றை விதையிலிருந்து அதே வடிவத்தில் பெற முடியாது. தாய்ச்செடியின் குருத்தை வெட்டி வேர்விடச் செய்தே பெருக்குகிறார்கள். விலை அதிகமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். நன்கு பராமரித்தால் பல ஆண்டுகள் நிற்கும்.

கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ரைனெல்ட் என்பவர் உருவாக்கிய பசிஃபிக் கலப்பினங்கள் விதையிலிருந்தே வளர்பவை. 'பிளாக் நைட்', 'கிங் ஆர்தர்', 'கலஹாட்' என்ற பெயர்களைத் தோட்டக் கடைகளில் அடிக்கடி காணலாம். அழகில் குறைவில்லை என்றாலும் ஆயுள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுபவை பல. நியூசிலாந்தில் உருவான நியூ மில்லெனியம் கலப்பினங்கள் விதையிலிருந்து வளர்வனவற்றுள் உறுதியான தண்டுடையவை. விதையிலிருந்து தொடங்க விரும்புகிறவர்களுக்கு இவற்றையே முதலில் பரிந்துரைப்பேன். காற்று மிகுந்த இடத்துக்கு, இடுப்பு உயரத்தில் கிளை கிளையாகப் பிரிந்து பூக்கும் பெல்லடோனா தொகுதி பொருந்தும். தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு 'மேஜிக் ஃபவுன்டன்ஸ்' போன்ற குட்டை வகைகள் போதும். தொட்டி ஓர் அடிக்கும் குறையாத அகலமும் ஆழமும் கொண்டிருக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் பூவோடு விற்கப்படும் செடியைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கண்ணாடிக் கூடத்தில் அவசரமாக வளர்க்கப்பட்டிருக்கும். நட்ட பிறகு வேர் பிடிக்கத் தடுமாறும். ஏப்ரலில், பூக்காத நிலையில், தூரிலிருந்து இரண்டு மூன்று குருத்துகள் தடித்து எழுந்திருக்கும் சிறு தொட்டிச் செடியே நல்ல முதலீடு. ஆறு மலிவான செடிகளைவிடப் பெயருள்ள எலேட்டம் செடி ஒன்று கூடுதல் நிறைவைத் தரும் என்பது என் உறுதியான கருத்து. எதை வாங்குவது என்று முடிவு செய்யுமுன் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள், கென்ட்டில் ஆஷ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள காடின்டன் ஹவுஸ் தோட்டத்துக்கு ஜூனில் சென்று வரலாம். 1928இல் தொடங்கப்பட்ட டெல்ஃபினியம் சங்கத்தின் துணையோடு அங்கே ஒரு நீண்ட பாத்தி பேணப்படுகிறது. உயரம், நிறம், பூ நெருக்கம் எல்லாவற்றையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

இடமும் மண்ணும்

நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில், வலுத்த காற்றை மறிக்கும் ஒரு வேலி அல்லது புதர், மழை நீர் தேங்காமல் இறங்கும் வளமான மண் ஆகிய மூன்றும் அடிப்படைத் தேவைகள். மதிலை ஒட்டி நடுவதானால் குறைந்தது இரண்டடி தள்ளி நடுங்கள். மதிலடி மண் கோடையில் வறண்டு கிடக்கும், காற்றோட்டமும் இராது. மண்ணின் கார அமில நிலை (pH) 6.5 முதல் 7.5 வரை இருக்கலாம். அசேலியாவும் கமேலியாவும் செழிக்கும் அமில மண்ணாக இருந்தால் இலையுதிர்காலத்தில் சிறிது தோட்டச் சுண்ணாம்பு கலக்க வேண்டியிருக்கும்.

லண்டனின் பல பகுதிகளில் தோண்டினால் களிமண்தான் வருகிறது. களிமண்ணின் வளத்தை டெல்ஃபினியம் விரும்பும். ஆனால் குளிர்கால ஈரத்தில் அதன் தூர் அழுகிவிடும். குளிரால் இறக்கும் செடிகளைவிடத் தேங்கிய நீரால் இறக்கும் செடிகளே அதிகம். ஆகவே இரண்டடி அகலத்துக்கு, மண்வெட்டியின் முழு ஆழத்துக்குக் கிளறி, நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது வீட்டுக் கம்போஸ்ட் இரண்டு வாளியும், கூரான பருமணல் ஒரு வாளியும் கலந்து, பாத்தியைச் சுற்றுமண்ணைவிட நான்கு விரல் உயர்த்தி அமையுங்கள். நடும்போது தொட்டியில் இருந்த மண்மட்டமும் பாத்தியின் மண்மட்டமும் சமமாக இருக்க வேண்டும். தூரை ஆழப் புதைப்பது அழுகலுக்கு வழி செய்யும். உயரமான வகைகளுக்கு இடையே 60 முதல் 90 சென்டிமீட்டரும், பெல்லடோனாவுக்கு 45 சென்டிமீட்டரும் இடைவெளி விடுங்கள். முதல் ஆண்டில் அந்த இடைவெளி வெறுமையாகத் தெரியும். அங்கே வேறெதையும் நெருக்கி நடாதீர்கள்.

விதையிலிருந்து தொடங்குவோருக்கு

டெல்ஃபினிய விதையில் பலர் தோல்வி காண்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, விதை பழையதாக இருப்பது. அறை வெப்பத்தில் வைத்த விதையின் முளைப்புத்திறன் விரைவாகக் குறைந்துவிடும். வாங்கிய அன்றே காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, பெயர் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது காக்கப்படும். இரண்டாவது, மிளகாய்க்கும் தக்காளிக்கும் செய்வதைப் போலச் சூடேற்றும் தட்டின் மேல் வைப்பது. இந்த விதைக்கு ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ் போதும். 20ஐத் தாண்டினால் முளைக்க மறுத்து உறங்கிவிடும். வீட்டிலேயே குளிரான அறையின் சன்னல் ஓரம் இதற்கு ஏற்றது.

பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் முடிய விதைக்கலாம். நுண்ணிய விதைப்புக் கலவையைத் தட்டில் நிரப்பி, நீரில் ஊறவைத்து வடிய விட்டு, விதைகளை அகலத் தூவி, மேலே வெர்மிகுலைட்டை (ஈரம் காக்கும் இலேசான கனிமத் துகள்) மெல்லியதாகப் பரப்புங்கள். இருளில்தான் நன்றாக முளைக்கும். இரண்டு முதல் மூன்று வாரங்களில் வித்திலைகள் தெரியும். அதன்பின் வெளிச்சம் நிறைய வேண்டும்; ஈரம் அளவோடு இருக்க வேண்டும். முதல் உண்மையிலை, விரல்களாகப் பிளந்த சிறு கையைப் போன்ற வடிவத்தில் விரியும்போது, நாற்றை வித்திலையைப் பிடித்துத் தூக்கித் தனித்தனிச் சிறு தொட்டிகளுக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடித்தால் நசுங்கும். நசுங்கிய நாற்று பிழைக்காது. மே மாதத்தில் பத்து நாள் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்துப் பழக்கிய பிறகு பாத்தியில் நடலாம். அந்த ஆண்டே ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரு சிறு கதிர் எழும். நிறம் தெரியும் வரை விட்டுவிட்டு, தெரிந்ததும் வெட்டிவிடுவது செடியின் வேருக்கு நல்லது.

மார்ச்சும் ஏப்ரலும்

பிப்ரவரி முடிவில் மண்ணை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தால், தூரின் விளிம்பில் செந்நிறமும் பச்சையும் கலந்த தடித்த மொட்டுகள் தெரியும். அந்த ஆண்டின் பூக்கதிர்கள் அனைத்தும் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. ஓடில்லா நத்தைகளும் அவற்றைத் தேடித்தான் வருகின்றன. மண்ணுக்கு மேலே இலை விரிந்த பிறகு நடக்கும் சேதத்தை நாம் காண்கிறோம். அதற்கு முன்பே மண்ணுக்கடியில் மொட்டுகளைத் தின்று தீர்ப்பதைக் காண்பதில்லை. குளிரில் பட்டுப்போனதாக எண்ணித் தூக்கியெறியப்படும் செடிகளில் எத்தனையோ, உண்மையில் நத்தைக்கு இரையானவை.

ஆகவே பாதுகாப்பு குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும். தூரின் மேல் பருமணலை ஓர் அங்குல கனத்துக்குக் குவித்து வைப்பது பழைய தோட்டக்காரர்களின் வழி. அதன் கூரிய துகள்களுக்குள் ஊர்ந்து செல்ல நத்தை தயங்கும், நீரும் தேங்காது. மார்ச்சில், மண்ணின் வெப்பம் 5 டிகிரியைத் தாண்டியதும், நத்தையைத் தாக்கும் நுண்புழுக்களை நீரில் கரைத்து ஊற்றலாம். ஒரு முறை ஊற்றினால் ஏறத்தாழ ஆறு வாரம் பயன் தரும். இவை மண்ணுக்கடியில் வேலை செய்வதால், டெல்ஃபினியத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பேன். நீலக் குருணையாக முன்பு விற்ற மெட்டால்டிஹைடை வெளியில் பயன்படுத்துவது பிரித்தானியாவில் 2022 வசந்தம் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய டப்பா கொட்டகையில் கிடந்தால் அதைக் குப்பையில் போடாமல் உள்ளூராட்சியின் கழிவு மையத்தில் ஒப்படையுங்கள். இரும்புப் பாஸ்பேட் குருணைகளுக்குத் தடையில்லை; அவற்றையும் குவிக்காமல் அரிதாகத் தூவினாலே போதும். இவை எல்லாவற்றோடும், ஈரமான மாலைகளில் டார்ச் விளக்கோடு சென்று கையால் பொறுக்கும் வேலையும் இருக்கிறது. தூரைச் சுற்றி உலர்ந்த இலைகளைச் சேரவிடாமல் துப்புரவாக வைத்திருந்தால் அந்த வேலை பாதியாகக் குறையும்.

குருத்துகள் ஒரு சாண் உயரம் வந்ததும் செய்ய வேண்டியது குறைத்தல். மூன்றாண்டுச் செடியின் தூரிலிருந்து பத்து, பதினைந்து குருத்துகள்கூட எழும். எல்லாவற்றையும் விட்டால் எல்லாம் பூக்கும். ஆனால் கதிர்கள் மெலிந்து, தண்டுகள் ஒல்லியாகி, நடுவில் காற்றுப் போகாமல் இலைகளில் சாம்பல் நோய் படியும். ஓராண்டு நிறைந்த செடிக்கு இரண்டு மூன்று குருத்துகளும், நன்கு தூர் கட்டிய செடிக்கு ஐந்து முதல் ஏழு வரையும் விட்டு, மெலிந்தவற்றையும் நடுவில் நெருங்கியவற்றையும் அடியோடு நீக்குங்கள். இதைச் செய்யக் கை வராது என்பது உண்மைதான். ஆனால் குறைத்த செடியையும் குறைக்காத செடியையும் ஒரே பாத்தியில் ஜூலையில் பார்த்தவர்கள் மறுபடி தயங்குவதில்லை.

நீக்கும் குருத்துகளை வீணாக்க வேண்டாம். அவற்றிலிருந்துதான் புதிய செடிகள் கிடைக்கின்றன. மூன்று நான்கு அங்குல உயரமுள்ள குருத்தைத் தேர்ந்து, மண்ணை விலக்கி, அது தூரோடு சேரும் இடத்தில் கூரான கத்தியால், தூரின் கெட்டியான சதை சிறிது ஒட்டி வருமாறு வெட்டுங்கள். வெட்டுவாயைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக, துளையில்லாமல் திடமாக இருந்தால் வேர்விடும். நடுவில் துளை தெரிந்தால் அழுகும், அதை எறிந்துவிடலாம். நல்ல துண்டின் அடியை அலசி, பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கிண்ணத்தில் பெர்லைட் (இலேசான வெண்ணிறக் கனிமத் துகள்) நிரப்பி, அடியில் ஓர் அங்குலம் நீர் நிற்கும்படி ஊற்றி, அதில் செருகி, நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மூன்று முதல் ஆறு வாரங்களில் வெண்ணிற வேர்கள் தெரியும். அரை அங்குல நீளம் வந்ததும் கலவை மண்ணுக்கு மாற்றுங்கள். நீரிலேயே நெடுநாள் வளர்ந்த வேர்கள் ஒடியும் தன்மையுடையவை. பெயருள்ள வகையைப் பெருக்க இதுவே மிக நம்பகமான வழி.

அடுத்தது முட்டுக் கொடுத்தல். டெல்ஃபினியத்தின் தண்டு பப்பாளி இலைக்காம்பைப் போல உள்ளே கூடானது. மேலே பூக்கதிர் மழைநீரை வாங்கிக் கனத்ததும், காற்று ஒரு முறை தள்ளினால் மண்ணிலிருந்து ஓரடி உயரத்தில் மடிந்துவிடும். மடிந்த தண்டை நிமிர்த்திக் கட்டுவதில் பயனில்லை. எனவே செடி ஓரடி வளர்ந்த நிலையிலேயே, தூரைக் குத்தாமல் சுற்றிலும் மூன்று மூங்கில் கழிகளை, மேல்நுனி சற்று வெளிப்புறம் சாய்ந்திருக்குமாறு ஆழமாக ஊன்றுங்கள். மண்ணிலிருந்து ஓரடி உயரத்தில் சணல் கயிற்றை மூன்று கழிகளையும் சுற்றி ஒரு வளையமாகக் கட்டி, செடி வளர வளர ஓரடிக்கு ஒன்றாக மேலும் இரண்டு மூன்று வளையங்கள் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். தண்டைக் கழியோடு இறுக்கிக் கட்டக்கூடாது. வளையத்துக்குள் அது சிறிது ஆடுவதற்கு இடம் வேண்டும். கழி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். அது கதிரின் அடிப்பூவுக்குக் கீழே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் காற்றில் பூக்கள் உராய்ந்து கிழியும். ஆறடிச் செடிக்கு, மண்ணுக்கு மேலே நான்கடி நிற்கும் கழி போதுமானது. கழி முனைகளில் தொப்பி மாட்டிவிடுங்கள். குனிந்து களையெடுக்கும்போது கண்ணில் குத்தும் அபாயம் உண்டு.

உரத்தைப் பொறுத்தவரை, மார்ச்சில் எல்லாச் சத்தும் சமமாகக் கலந்த பொது உரத்தை உறையில் குறித்த அளவில் தூவி, அதன்மேல் இரண்டங்குலம் மூடாக்கு இட்டாலே போதும்; மூடாக்கு தூரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியிருக்க வேண்டும். புல்தரை உரம் போன்ற தழைச்சத்து மிகுந்தவற்றைத் தொடவே வேண்டாம். அவை தண்டை நீட்டி மெலியச் செய்யும்.

பூக்கும் காலமும் அதன் பின்னும்

மே மாதத்தில் கதிர் உருவாகத் தொடங்கியது முதல் கடைசிப் பூ விரியும் வரை செடி வறளக்கூடாது. மழை இல்லாத வாரத்தில் செடிக்கு ஒரு பூவாளி நீரை இரண்டு முறை, இலையில் படாமல் தூரைச் சுற்றி ஊற்றுங்கள். அந்நாட்களில் நுனிக்குருத்து சுருண்டு, மெல்லிய இழையால் ஒட்டப்பட்டிருந்தால் உள்ளே பச்சைப் புழு இருக்கும். பொன்னிற அந்துப்பூச்சி ஒன்றின் புழு அது. விரித்துக் கையால் எடுத்துவிடலாம். இலையில் கரும்புள்ளிகள் படர்ந்தால் அது பாக்டீரியாவால் வரும் நோய், மருந்து கிடையாது. பாதித்த இலைகளை நீக்கி, மேலிருந்து நீர் தெளிப்பதை நிறுத்துங்கள். இலை மஞ்சள் திட்டுகளோடு சுருங்கி, செடி குட்டையாகிக் கதிர் கோணலானால் வைரஸ் என்று கொண்டு, தூரோடு பிடுங்கிக் குப்பைக்கு அனுப்ப வேண்டியதுதான். அதிலிருந்து குருத்துத் துண்டு எடுக்கக்கூடாது.

பூ விரிந்ததும் ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். நாம் இதழ் என்று காணும் நீலமெல்லாம் புல்லிதழ்கள், அதாவது மொட்டை மூடியிருந்த வெளியிதழ்கள். மேல் இதழின் பின்னால் ஒரு குழல் நீண்டிருக்கும். உண்மையான அல்லிதழ்கள் நடுவில் சிறிதாக, வெள்ளையாகவோ கறுப்பாகவோ, மெல்லிய மயிர்களோடு குவிந்திருக்கும். வளர்ப்போர் அந்தக் குவியலைத் தேனீ என்றே அழைக்கிறார்கள். வெள்ளைத் தேனீயா, கறுப்புத் தேனீயா என்பதை வைத்தே தூரத்திலிருந்து ஒரு கதிரின் தோற்றம் மாறிவிடும்.

குவளையில் வைக்க விரும்பினால், கதிரின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பூக்கள் விரிந்த நிலையில், காலையிலேயே வெட்டுங்கள். தண்டைத் தலைகீழாகப் பிடித்து, அதன் துளையில் நீர் நிரப்பி, பஞ்சால் அடைத்துக் குவளையில் நிறுத்துவது கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்களின் பழக்கம். நீர் உச்சிவரை ஏற அது உதவுகிறது. பழுக்கும் வாழைப்பழமோ ஆப்பிளோ இருக்கும் தட்டுக்கு அருகில் வைக்காதீர்கள். அவை வெளிவிடும் எத்திலீன் வாயுவால் பூக்கள் ஓரிரு நாட்களில் உதிர்ந்துவிடும்.

ஜூலை நடுவில் கதிர் வாடியதும், கதிரை மட்டும் மேல் இலை வரை வெட்டுங்கள். பக்கக் கதிர்கள் இருந்தால் அவை பூத்து முடியட்டும். தூரில் புதுக் குருத்துகள் தெரிந்த பிறகு பழைய தண்டைத் தரைமட்டத்துக்கு வெட்டி, ஒரு முறை நீர்ம உரம் கொடுத்தால், வலுவான செடிகள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ மறுபடி பூக்கும். அக்கதிர்கள் சிறியவை. நட்ட ஆண்டிலும், நத்தையால் நலிந்த ஆண்டிலும் இந்த இரண்டாம் பூவை எதிர்பார்க்காமல் இலைகளைத் தானே மஞ்சளாகும் வரை விட்டுவிடுவது தூரை வலுப்படுத்தும்.

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, தூரின் நடுப்பகுதி மரமாகிக் குருத்துகள் விளிம்பில் மட்டும் எழத் தொடங்கும். அப்போது மார்ச்சில் முழுத் தூரையும் தோட்ட முள்கரண்டியால் தோண்டியெடுத்து, நடுவை நீக்கி, இரண்டு மூன்று குருத்துகளும் வேரும் உள்ள விளிம்புத் துண்டுகளைப் புதிய இடத்தில் நடுங்கள். பழைய குழியில் திரும்ப நடுவதைத் தவிர்க்கவும். நவம்பரில் காய்ந்த தண்டுகளை மண்ணோடு ஒட்டி வெட்டும்போது, ஒவ்வொரு தூரின் அருகிலும் பெயர் எழுதிய குச்சி ஒன்றை ஊன்றிவிட்டு மணலைக் குவியுங்கள். குச்சி இல்லாவிட்டால் பிப்ரவரியில் மண்ணைக் கிளறும் கை தூரின் மொட்டுகளை அறியாமல் வெட்டிவிடும்.